சங்ககிரியில் ஒரு கோடை

சென்னையில் உள்ளவர்களெல்லாம் சேப்பாக்கம் மைதானத்தில் ஒரு மூலையிலாவது இடம் கிடைக்காதா என்று தவம் கிடந்த சமயத்தில், நான் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னையை விட்டுக் கிளம்பினேன். 2024ஆம் வருஷம் மே மாதம் 25ஆம் தேதி இரவு அது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஐ.பி.எல். கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம்.

"ஊரே மெட்ராஸுக்கு வருது. நீங்க எங்கேம்மா போறீங்க?" என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"சங்ககிரிக்கு" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பரிதாபமாகப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சங்ககிரியில் என் கல்லூரித் தோழி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "வா, வா" என்று வருஷக்கணக்காக அழைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு லீவு கிடைத்தது அப்போதுதான். அதற்குக் கிரிக்கெட் வாரியத்தைக் கலந்துகொள்ள முடியுமா?

சேலத்தில் ரயிலை விட்டு இறங்கி ஈரோடு பஸ்ஸில் ஏறினேன். கத்திரி வெயில் முடிய இன்னும் இரண்டு நாள் பாக்கி. காலை எட்டு மணிக்கே தார் ரோடு கண்ணைக் கூசச் செய்தது. வெகு தூரத்திலேயே மலை தெரிந்துவிடுகிறது. மொட்டைப் பாறையும் முட்புதருமாக எழுந்து நிற்கும் மலை. அதன் இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல் மதில். ஒரு வாசலைக் கடந்தால் அதற்கு மேலே இன்னொரு வாசல் என்று கோட்டை படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறது. விஜயநகர காலத்தில் எழும்பத் தொடங்கிய கோட்டை. திப்பு சுல்தானின் படை இருந்தது. பிறகு கும்பினியார் கைக்கு மாறியது. தீரன் சின்னமலையை 1805ஆம் வருஷம் ஜூலை 31ஆம் தேதி அவர்கள் தூக்கிலிட்டது இங்கேதான். உச்சி வரை ஏறிப் பார்க்க எனக்கும் ஆசைதான். அந்த வெயிலில் முதல் வாசலிலேயே என் முழங்கால்கள் சமாதானம் பேச ஆரம்பித்துவிட்டன.

மலையிலிருந்து பார்வையைக் கீழே இறக்கினால் எங்கும் லாரி! பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம், அதற்கும் மேலே எண்ணிக்கை மறந்துபோகிற சக்கரம். சங்ககிரியில் வீட்டுக்கு வீடு லாரி இல்லாமல் இருக்கலாம். வீட்டுக்கு வீடு லாரிச் சம்பந்தம் உண்டு. ஒருவர் சொந்தக்காரர், ஒருவர் டிரைவர், ஒருவர் டயர்க் கடை, ஒருவர் பட்டறை, இன்னொருவர் புக்கிங் ஆபீஸ். தெருவில் நடந்தால் டீசல் வாசனையும் பெயிண்ட் வாசனையும் மாறி மாறி வருகின்றன. மகாராஷ்டிரம், குஜராத், அஸ்ஸாம் எல்லாம் இந்த ஊர்ப் பெண்கள் வாயில் பக்கத்துத் தெரு மாதிரி புழங்குகின்றன. "எங்க கொழுந்தனார் கௌஹாத்தியில இருக்காருங்க, வர்ற வியாழக்கிழமை வந்துருவாரு" என்று ஓர் அம்மாள் பூக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன்.

என் தோழியின் கணவர் சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவர். நான் போன அன்று குஜராத்தில் லோடு ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார். வீட்டில் தோழி, பிளஸ் டூ எழுதி முடித்த பெண், ஒன்பதாம் வகுப்புப் பையன், மாமியார் அம்மாள். இந்த மாமியாரைப்பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எழுபது வயதுக்கு மேல். இரண்டு மாதமாக இரவு ஏழரை மணி என்றால் அந்த வீட்டில் யுத்த காலமாம். பாட்டிக்குச் சீரியல், பேரனுக்குக் கிரிக்கெட். கடைசியில் பாட்டியே ஒரு சட்டம் போட்டுவிட்டார். ஹைதராபாத் அணி ஆடினால் சீரியல் விட்டுக்கொடுக்கும்; வேறு எந்த அணி ஆடினாலும் கொடுக்காது.

"ஹைதராபாத் மேல் உங்களுக்கு என்ன அப்படி ஒரு பாசம்?" என்று கேட்டேன்.

"ஹைதராபாத்தா? அது எங்கிருந்தா எனக்கென்ன கண்ணு! நம்ம பையன் அதுலதானே இருக்கான்" என்றார்.

நம்ம பையன் என்றால் தங்கராசு நடராஜன். சங்ககிரியிலிருந்து கொங்கணாபுரம் வழியாகத் தாரமங்கலம் போகிற பாதையில் இருக்கிற சின்னப்பம்பட்டிக்காரர். தந்தை விசைத்தறியில் கூலி வேலை பார்த்தவர்; தாயார் சாலையோரத்தில் கோழி வறுத்து விற்றவர். இருபது வயது வரைக்கும் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பி ஆளாக்கியவர் அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ். அந்த நன்றிக்காகத் தன் சட்டையின் முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று அச்சடித்துக்கொண்டவர் நடராஜன். மட்டைக்காரரின் காலடியில் குறி தவறாமல் வந்து விழும் யார்க்கர் பந்துதான் இவருடைய சொத்து.

அந்த 2024 கோடையில் அவர் 19 விக்கெட் எடுத்திருந்தார். ஏப்ரல் 20ஆம் தேதி தில்லியில் நாலு ஓவரில் 19 ரன் கொடுத்து நாலு விக்கெட். அப்படியிருந்தும், ஏப்ரல் 30ஆம் தேதி இருபது ஓவர் உலகக் கோப்பைக்கு ஆள் பொறுக்கியபோது பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்தப் பேச்சை எடுத்தால் சங்ககிரியில் டீக்கடைக்காரர் கூடச் சில்லறை கொடுக்க மறந்துவிடுகிறார்.

இரவு ஏழரைக்கு ஆட்டம் ஆரம்பமாயிற்று. பையனிடம் தோனியின் ஏழாம் நம்பர் போட்ட மஞ்சள் சட்டை ஒன்று இருந்தது. மே 18ஆம் தேதி பெங்களூரிடம் சென்னை தோற்று வெளியேறியதும் அதை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டானாம். "இனிமே நட்டு அண்ணன்தான்" என்று சப்பணம் போட்டு உட்கார்ந்தான். அக்கம் பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தோழி ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய மோர் கொண்டுவந்து வைத்தாள்.

ஆட்டம் என்று சொல்ல அங்கே ஒன்றும் நடக்கவில்லை. முதல் ஓவரிலேயே ஸ்டார்க் ஒருவரைப் பௌல்டு ஆக்கினார்; அதன் பிறகு கொல்கத்தாக்காரர்கள் வரிசையாகச் சாய்த்துக்கொண்டே போனார்கள். 18.3 ஓவரில் ஹைதராபாத் 113 ரன்னுக்குச் சுருண்டது. கொல்கத்தா அதைப் பத்தரை ஓவரில் அடித்து முடித்துவிட்டது. நடராஜனுக்கு விக்கெட் ஒன்றும் கிடைக்கவில்லை. மோர் பாதிக்கு மேல் மிச்சம்.

"நூத்திப் பதிமூணை வெச்சுட்டு நம்ம பையன் என்ன பண்ணுவான், பாவம்!" என்று பாட்டி எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

சற்றைக்கெல்லாம் தோழியின் போன் மணியடித்தது. அவள் கணவர். ஹூப்ளிப் பக்கத்தில் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தியிருக்கிறார். யார் ஜெயித்தது என்று அவர் கேட்கவில்லை. "பையன் எப்படிப் போட்டான்?" என்றுதான் கேட்டார்.

எனக்கு அது வினோதமாகத் தோன்றியது. சென்னையில் என் வீட்டுப் பக்கம் இப்படி யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. அங்கே அணி, கோப்பை, புள்ளி, பந்தயம் கட்டிய ஐஸ்கிரீம். இரவு மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே இதைத் தோழியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "2021 மாட்டுப் பொங்கல் அன்னிக்கு நீ இங்கே இருந்திருக்கணும்" என்று ஆரம்பித்தாள்.

2020 கடைசியில் நடராஜன் ஆஸ்திரேலியாவுக்குப் போனது ஆடுவதற்கே அல்ல. வலைப் பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து வீசிக் கொடுக்கத்தான். அங்கே ஒருவர் பின் ஒருவராகக் காயம் பட்டுப் படுக்க, டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் ஒரு நாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து இருபது ஓவர் ஆட்டம் என்று இவருக்கு இடம் கிடைத்தது. ஜனவரி 15ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்டிலும் இறக்கிவிட்டார்கள். ஒரே சுற்றுப் பயணத்தில் மூன்று வித ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்.

அங்கே அது நடுக்கோடை. இங்கே தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கல். நம் கணக்கில் ஆட்டம் காலை ஐந்தரைக்குத் தொடக்கம். சங்ககிரியில் அன்றைக்கு நாலு மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்துவிட்டார்களாம். மாட்டைக் குளிப்பாட்டினவர்கள் பாதியில் வந்து டிவியை எட்டிப் பார்ப்பதும், கொம்புக்கு வர்ணம் பூசினவர்கள் சிவப்புக் கையோடு வந்து நிற்பதுமாக இருந்திருக்கிறது. முற்பகலில் வேட் என்பவரை எடுத்தார். பிறகு சதம் அடித்துவிட்ட லபுஷேனை எடுத்தார். ஊரில் வெடிச் சத்தம் காதைப் பிளந்ததாம். அந்தப் பக்கம் கட்டியிருந்த மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகவும் சொன்னாள். அதை நான் முழுக்க நம்பவில்லை.

நடராஜன் அன்றைக்கு நோ பாலும் போட்டார். எல்லைக் கோட்டை மிதிப்பது தப்பு என்று பாட்டிக்குப் பேரன் சொல்லிக் கொடுத்திருந்தான். "காலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெச்சுப்போட்டான் பாரு! பாத்து வெக்கோணும் கண்ணு, பாத்து வெக்கோணும்" என்று பாட்டி டிவியைப் பார்த்துப் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தாராம். 19ஆம் தேதி இந்தியா மூன்று விக்கெட் மிச்சம் வைத்து ஜெயித்ததும், கேப்டன் ரஹானே கோப்பையைக் கொண்டுபோய் நடராஜன் கையில் கொடுத்தார். 21ஆம் தேதி சின்னப்பம்பட்டியில் அவரைச் சாரட்டில் உட்கார வைத்து ஊர்வலம் விட்டார்கள். மாத முடிவில் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"இதெல்லாம் பேப்பரில் படித்தேனே" என்றேன்.

"பேப்பரில் இன்னொன்றும் போட்டிருந்தது. அதை நீ படித்தாயோ என்னவோ" என்றாள் தோழி.

2020 நவம்பர் முதல் வாரத்தில், நடராஜன் அரபு நாட்டில் ஐ.பி.எல். ஆடிக்கொண்டிருந்தபோது, இங்கே அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊர் திரும்பாமல் அங்கிருந்தே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஜனவரியில் வந்துதான் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். பிறந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

"டிவியில் அதை ஒரு அதிசயம் மாதிரி சொன்னார்கள். எப்பேர்ப்பட்ட தியாகம் என்றார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் அது அதிசயமாகத் தோன்றவில்லை, தெரியுமா? இவள் பிறந்தபோது இவர் அஸ்ஸாமில் இருந்தார். வெள்ளம் வந்து ரோடு அடைத்துவிட்டது. இருபத்திரண்டாம் நாள்தான் வந்தார். வந்தவர் குளித்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்க நின்றார். கையில் கிரீஸ் போகவில்லை. தேங்காய் எண்ணெயைப் போட்டுத் தேய்க்கிறார், தேய்க்கிறார், போகவில்லை. 'அப்படியே தூக்குங்க' என்றேன். தூக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார்."

கீழே ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு போயிற்று. அவள் பேச்சை நிறுத்திவிட்டு அது நம்முடையதா என்று காது கொடுத்துக் கேட்டாள். அவள் கணவர் ஹூப்ளியில் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாதா? பழக்கம், வேறென்ன!

"அந்தப் பையன் ஆடுகிறபோது எங்கள் அத்தை பார்ப்பது கிரிக்கெட் இல்லை" என்றாள். "பத்திரமாக இருக்கிறானா, சாப்பிட்டானா, எளைத்துவிட்டானா என்று பார்க்கிறாள். போன பிள்ளை டிவியில் தெரிகிறது பாரு, அந்தக் கொடுப்பினை எங்களுக்கு இல்லையே!"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் தோழியின் பெண் தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு சின்னப்பம்பட்டிக்கு அழைத்துப் போனாள். கொங்கணாபுரம் பருத்தி ஏலத்துக்குப் பெயர் போன ஊர். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் காய்ந்த காடு, நடுநடுவே தென்னை, வீடுகளுக்குள்ளிருந்து விசைத்தறியின் சடசடப்பு. சின்னப்பம்பட்டியில் நடராஜன் தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு மைதானம் கட்டியிருக்கிறார். 2023 ஜூன் 23ஆம் தேதி தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தது. முந்தின நாள் தோல்வியைப்பற்றி அங்கே யாரும் துக்கம் கொண்டாடவில்லை. பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன்கள் ஒரு செருப்பைத் தரையில் வைத்து, அதன்மேல் பந்து விழுகிறதா என்று எறிந்துகொண்டிருந்தார்கள். வலது கைக்காரப் பையன் ஒருவன் இடது கையால் வீசிப் பார்த்து வேலிக்கு வெளியே அடித்தான். ஓரமாக இரண்டு பெண் குழந்தைகள், எப்போது நம்மைச் சேர்த்துக்கொள்வார்கள் என்ற முகத்தோடு நின்றுகொண்டிருந்தன. நாங்கள் இருந்தவரை சேர்த்துக்கொள்ளவில்லை.

அவ்வளவு தூரம் போனவர்கள் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலையும் பார்க்காமல் திரும்பலாமா? அங்கே வாலி வதத்தைத் தூண்களில் செதுக்கியிருக்கிறார்கள். ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான். வாலியின் பக்கம் போய் நின்று பார்த்தால் ராமன் தெரிவதில்லை. தோழியின் பெண் இரண்டு இடத்திலும் மாறி மாறி நின்று பார்த்துவிட்டு, "நாம டிவியில நட்டு அண்ணனைப் பாக்கிற மாதிரிங்க பெரியம்மா. நமக்கு அவரைத் தெரியுது, அவருக்கு நம்மைத் தெரியாது" என்றாள். சிற்பி இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பானோ, உளியைக் கீழே போட்டிருப்பானோ, நான் அறியேன்.

ஊர் திரும்பிய பிறகும் அந்த வீட்டுச் செய்தி போனில் வந்துகொண்டிருந்தது. நடராஜன் இல்லாத உலகக் கோப்பையைப் பார்ப்பதில்லை என்று பாட்டி சபதம் எடுத்திருந்தார். "நம்ம பையன் இல்லாத ஆட்டத்துக்கு எதுக்கு முழிச்சிருக்கோணும்?" ஜூன் 29ஆம் தேதி இரவு பார்படாஸில் தென்னாப்பிரிக்காவை இந்தியா ஏழு ரன்னில் வென்றபோது பாட்டி விழித்துத்தான் இருந்தாராம். வெடிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று காரணம் சொன்னாராம். கடைசி ஓவரில் சூரியகுமார் எல்லைக் கயிற்றுக்கு வெளியே போய் உள்ளே வந்து பந்தைப் பிடித்ததைப் பார்த்து, "இவன் காலைப் பாத்து வெச்சான் பாரு!" என்று மெச்சிக்கொண்டாராம். வெடி வெடிக்கும் முன்பே விழித்திருந்தால்தானே அந்தக் காலைப் பார்த்திருக்க முடியும்? அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ஆடிப் பெருக்குக்கு மறுபடியும் போனேன். அந்த வருஷம் ஜூலை 30ஆம் தேதி மேட்டூர் அணை 120 அடி நிரம்பிற்று. அன்றைக்கேதான் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் இரண்டாவது வெண்கலம் வாங்கினார். காவிரி இரு கரையும் புரண்டது. ஆற்றில் இறங்கக் கூடாது என்று கரையோர ஊர்களில் தடை. பதினெட்டாம் பெருக்கன்று தண்ணீர் வழிந்தும் காலை நனைக்க முடியாத கொடுமையைப் பாருங்கள்! ஒரு குடம் காவிரித் தண்ணீர் யாரோ கொண்டுவந்து கொடுக்க, வீட்டு முற்றத்திலேயே படையல் போட்டு மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். வெளியே தீரன் சின்னமலை நினைவிடத்துக்கு மாலையோடு போகிற கூட்டம். உள்ளே மத்தியானம் மனு பாக்கரின் மூன்றாவது போட்டி. வெண்கலம் மயிரிழையில் தவறி நாலாவது இடம். "ரெண்டு வாங்கிட்டாளே, போதும். இன்னும் அவ வீட்டுக்கு எப்ப வர்றாளாம்?" என்றார் பாட்டி.

நான் சென்னைக்குத் திரும்பிய பின், ஆகஸ்ட் 7ஆம் தேதி, மல்யுத்தத்தில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்ட வினேஷ் போகட்டை நூறு கிராம் எடை கூடிற்று என்று தள்ளிவிட்டார்கள். அன்றைக்குத் தோழியின் பெண் சாப்பிடவில்லையாம். பாட்டி மளிகைக் கடையில் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். நூறு கிராம் என்பது அந்த வீட்டில் நாலு நாள் காப்பித்தூள்.

செப்டம்பரில் பாராலிம்பிக்ஸ். 2ஆம் தேதி பாட்மின்டனில் வெள்ளி வாங்கிய துளசிமதி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண் என்று தெரிந்ததும் தோழியின் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் இரவு மாரியப்பன் தங்கவேலு. ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போன பிள்ளை. தாயார் சரோஜா செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். 2016இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி. பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம். அடுத்தடுத்து மூன்று போட்டியிலும் பதக்கம்!

அது நடந்தபோது நமக்கு நடுநிசி தாண்டிவிட்டது. அதிர்ஷ்டவசமாகத் தோழியின் கணவர் வீட்டில் இருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு லோடு ஏற்றக் கிளம்ப வேண்டியவர், தூங்கச் சொன்னால் கேட்காமல் பெண்ணோடு உட்கார்ந்து பார்த்தாராம். மாரியப்பன் ஒவ்வொரு தடவை ஓடி வரும்போதும் இவர் தன் காலை அழுத்துவாராம், பிரேக்கை மிதிக்கிறமாதிரி. "அவங்க அம்மா தூங்கியிருக்க மாட்டா" என்று பாட்டி மட்டும் இருட்டில் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

நவம்பர் கடைசியில் ஐ.பி.எல். ஏலம் நடந்தது. நடராஜனைத் தில்லி அணி 10 கோடியே 75 லட்சம் ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. (அடுத்த கோடையில் அவருக்கு ஆடக் கிடைத்ததென்னவோ இரண்டே ஆட்டம்தான்.) செய்தி வந்த அன்று நானே போன் போட்டேன். பாட்டிதான் எடுத்தார். தொகையைச் சொன்னேன், அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"தில்லிங்களா?" என்றார். உள்பக்கம் திரும்பி மருமகளைக் கூப்பிட்டு, "ஏம்மா, தில்லிக்கு நம்ம வண்டி எத்தனை நாளு?" என்று கேட்டார்.

"அஞ்சு நாளுங்க அத்தை" என்று தோழியின் குரல் கேட்டது.

"அஞ்சு நாள்தான் கண்ணு. பக்கந்தான்" என்றார் பாட்டி என்னிடம்.